குளிர்கால இரவில் மவுண்டன் பைக் பந்தயம்: முதல்முறை இறங்குபவர்களுக்கு

பகலில் நன்றாக ஓட்டுகிறவர்கள்கூடக் குளிர்கால இரவுப் பந்தயத்தில் பாதியில் நின்றுவிடுவது உண்டு. பெரும்பாலும் காரணம் கால்பலம் இல்லாதது அல்ல. விளக்கு அணைந்திருக்கும், விரல் மரத்துப்போய் பிரேக் லீவரை இழுக்க முடியாமல் போயிருக்கும், அல்லது இருட்டில் ஒரு பஞ்சரைச் சரிசெய்யப் போய் உடம்பு விறைத்திருக்கும். மூன்றையும் வீட்டில் இருக்கும்போதே தடுக்கலாம். ஆகவே இலேசான சக்கரம், புதிய ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை உறிஞ்சும் கவை) என்று பணம் சேர்ப்பதற்கு முன்னால் இரண்டாவது விளக்கையும் இரண்டாவது ஜோடிக் கையுறையையும் வாங்குங்கள்.

எந்தப் பந்தயத்தில் சேரலாம்

இரவுப் பந்தயங்கள் அநேகமாகச் சுற்றுக் கணக்கில் நடப்பவை. சில கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு காட்டுத்தடத்தில், குறித்த நேரத்துக்குள் யார் அதிகச் சுற்று முடிக்கிறாரோ அவருக்கே வெற்றி. இரண்டு மணி நேரத்தில் முடிவதும் உண்டு, இரவு முழுக்க நீள்வதும் உண்டு. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ஜனவரியில் நடக்கும் ஸ்ட்ராத்பஃபர் 24 மணி நேரப் பந்தயம். அதில் ஏறக்குறைய 17 மணி நேரம் இருட்டிலேயே போகும். அந்த மாதிரிப் போட்டிக்கு ஓரிரண்டு பருவம் கழித்துப் போகலாம். முதல்முறைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மிகாத தனிநபர் பிரிவே நல்லது.

நால்வர் ரிலே சுலபம் என்று பலர் அதில் சேர்கிறார்கள். ஓட்டும் நேரம் குறைவுதான். ஆனால் உங்கள் சுற்று முடிந்ததும் மற்ற மூவரும் சுற்றி வரும்வரை வியர்த்த உடம்போடு குளிரில் காத்திருக்க வேண்டும், பிறகு சில்லிட்ட தசையோடு முழுவேகத்தில் கிளம்ப வேண்டும். சுற்றுக்கு ஒரு முழு மாற்றுத்துணி, அனலுள்ள ஒரு கூடாரம், இவை இரண்டும் இருந்தால் மட்டும் ரிலேக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

பெயர் கொடுக்கும் முன் விதிகளை வரிவிடாமல் படியுங்கள். எத்தனை விளக்கு கட்டாயம், பின்பக்கச் சிவப்பு விளக்கு மினுங்கலாமா நிலையாக எரிய வேண்டுமா, ஆணி பதித்த டயருக்கு அனுமதி உண்டா, விசில், வெப்பம் காக்கும் ஃபாயில் போர்வை போன்றவை கட்டாயமா என்பதெல்லாம் பந்தயத்துக்குப் பந்தயம் மாறும்.

விளக்கு

ஒன்று ஹேண்டில்பாரில், ஒன்று ஹெல்மெட்டில். இரண்டும் வேண்டும், இரண்டின் வேலையும் வேறு.

ஹேண்டில்பார் விளக்கு கண்ணுக்குக் கீழே இருப்பதால் கல்லுக்கும் வேருக்கும் பின்னால் நிழல் விழுகிறது. அந்த நிழலை வைத்துத்தான் பள்ளத்தின் ஆழத்தையும் மேட்டின் உயரத்தையும் கண் கணிக்கிறது. ஹெல்மெட் விளக்கு ஏறக்குறையக் கண்ணின் கோட்டிலேயே இருக்கிறது. அது போடும் நிழல் பொருளுக்குப் பின்னாலேயே மறைந்துவிடுவதால் தடம் முழுக்கத் தட்டையாகத் தெரியும், ஒரு சாண் ஆழக் குழியும் சமதரைபோலத் தோன்றும். ஆனால் வளைவுக்குள் திரும்பும்போது ஹேண்டில்பார் விளக்கு நேரே காட்டைத்தான் காட்டும். தலை திரும்பும் திசையில் வெளிச்சம் போட ஹெல்மெட் விளக்கை விட்டால் வழியில்லை. எனவே ஹேண்டில்பாரில் 1,200 முதல் 2,000 லூமென் (ஒளியின் அளவு) வரை அகன்ற ஒளிக்கற்றை, ஹெல்மெட்டில் 600 முதல் 1,000 லூமென் வரை குறுகிய ஒளிக்கற்றை என்று வையுங்கள். ஹெல்மெட் விளக்கு ஹேண்டில்பார் விளக்கைவிடப் பிரகாசமாக இருந்தால் நிழல்கள் அழிந்துபோகும். புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

பேட்டரிக் கணக்கை விளம்பரத்தை நம்பாமல் நீங்களே போடுங்கள். இப்போதைய எல்இடி விளக்குகள் 1,000 லூமெனுக்குத் தோராயமாக 10 வாட் எடுக்கும். 3,500 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட ஒரு 18650 ரக உருளைச் செல் 3.6 வோல்ட்டில் சுமார் 12.6 வாட்-மணி தரும். இரண்டு செல் பேட்டரி என்றால் 25 வாட்-மணி, அதாவது 1,000 லூமெனில் காகிதக் கணக்கில் இரண்டரை மணி நேரம். குளிரில் லித்தியம் அயான் செல்லின் உள்தடை கூடிவிடுவதால் அதன் முழுக் கொள்ளளவும் கைக்கு வராது. உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழே போனால் கால்வாசி போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரி இன்னும் குறையும். இரண்டு மணி நேரப் பந்தயத்துக்கு மூன்று மணி நேரக் கொள்ளளவு கையில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பான அளவு.

ஹெல்மெட் விளக்கின் பேட்டரியை ஹெல்மெட்டில் கட்டாமல் நீட்சி வயர் போட்டு ஜெர்சியின் பின்பையில் வைத்தால் உடம்புச்சூடு அதைக் காப்பாற்றும், தலைப்பாரமும் குறையும். இணைப்பு முதுகுப்பக்கம், இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும்படி இருக்கட்டும். கிளையில் வயர் மாட்டினால் கழுத்து இழுபடக் கூடாது.

பொருத்தும் முறை:

1. ஹேண்டில்பாரைத் துடைத்துக் காயவைத்து, விளக்கின் பட்டைக்கு அடியில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர் துண்டைச் சுற்றுங்கள். கற்கள் நிறைந்த இறக்கத்தில் விளக்கு மெல்ல முன்பக்கம் சாய்ந்துகொண்டே வரும். ரப்பர் அதைத் தடுக்கும்.
2. இருட்டான சமதரையில் சைக்கிள்மேல் ஓட்டும் நிலையில் அமர்ந்து, ஹேண்டில்பார் ஒளியின் மையம் 10 முதல் 15 மீட்டர் தூரத்தில் விழும்படி திருப்புங்கள்.
3. தலையை இயல்பாக வைத்து, ஹெல்மெட் ஒளியின் மையத்தை அதற்கும் அப்பால், 20 முதல் 25 மீட்டரில் நிறுத்துங்கள். இரண்டு வட்டமும் ஓரத்தில் ஒன்றோடொன்று படிய வேண்டும். நடுவில் இருட்டுத் திட்டு இருக்கக் கூடாது.
4. கையுறை போட்டபடியே இரண்டு விளக்கின் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். எத்தனை அழுத்தத்தில் எந்த நிலை வருகிறது, எத்தனை நேரம் அழுத்தினால் அணைந்துவிடும் என்பதைக் கை பழகிக்கொள்ளட்டும்.

எவ்வளவு நேரம் எரிகிறது என்று வீட்டுக்குள் வைத்துச் சோதித்தால் முடிவு ஏமாற்றும். காற்றோட்டம் இல்லாவிட்டால் விளக்கு சூடேறித் தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும், அதனால் அதிக நேரம் எரிந்ததுபோலத் தெரியும். குளிர்ந்த இரவில் ஓட்டியே சோதியுங்கள்.

இவை தவிர, 100 லூமென் அளவுள்ள ஒரு சிறு விளக்கு சட்டைப்பையில் இருக்கட்டும். இரண்டும் போனால் நடந்து வெளியேறுவதற்கு அது போதும்.

சைக்கிள்

டயர் காற்றில் குளிரின் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி உள்ள அறையில் 22 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அடித்துவிட்டு வெளியே 0 டிகிரியில் நிறுத்தினால், டயர் ஆறியதும் அது ஏறத்தாழ 19.5 ஆகிவிடும். எங்கும் கசிவில்லை, காற்று சுருங்கியதுதான். மைனஸ் 10 டிகிரியில் 18 சொச்சம். சைக்கிளை அரை மணி நேரம் வெளியில் நிறுத்தி ஆறவிட்டு, பிறகு டிஜிட்டல் கேஜால் அளந்து நிரப்புவதே சரி. 75 கிலோ எடையுள்ளவர் 2.3 அங்குல டியூப்லெஸ் (உள்டியூப் இல்லாத) டயரில் முன்னால் 20, பின்னால் 22 என்று தொடங்கி, ரிம் கல்லில் இடிக்கிறதா என்று பார்த்து ஒவ்வொரு பிஎஸ்ஐயாக மாற்றலாம்.

தடத்தின் நிலையைப் பொறுத்து டயர் மாறும். இளகிய சேற்றுக்கு உயரமான, இடைவெளி அதிகமுள்ள பற்கள் கொண்ட சற்றுக் குறுகிய டயர் நல்லது. அகலமான டயர் சேற்றை வாரிச் சுமந்து ஃபிரேமில் அடைத்துக்கொள்ளும். இறுகி உறைந்த தரையில் சாதாரண டயரே போதும். மெழுகுபோல் பனிக்கட்டி படர்ந்த தடத்துக்கு மட்டும் கார்பைடு ஆணி பதித்த டயர். இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால் ஆணி டயரை முன்சக்கரத்தில் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுவது உறுதி.

டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவமான சீலன்ட் பழையதாக இருந்தால் குளிரில் கெட்டிப்பட்டு ஓட்டையை அடைக்க வராது. பந்தயத்துக்கு முந்தைய வாரம் டயருக்கு 90 முதல் 120 மில்லி புதிதாக ஊற்றுங்கள்.

பிரேக் பேடில் கஞ்சத்தனம் வேண்டாம். பிசின் கலவையாலான ரெசின் பேடுகள் ஈரமணலில் ஒரே பந்தயத்தில் உலோகத்தகடுவரை தேய்ந்துவிடுவது உண்டு. சின்டர்டு எனப்படும் உலோகத்தூள் பேடு மாட்டுங்கள். டிஸ்க் அதற்கு ஏற்றதா என்பதை டிஸ்கின்மேலேயே பொறித்திருப்பார்கள். மாட்டியதும் ஓரளவு வேகத்திலிருந்து நடைவேகம்வரை இருபது முறை மெதுவாகவும், இன்னும் கூடிய வேகத்திலிருந்து பத்து முறை அழுத்தமாகவும் பிடித்துப் பழக்குங்கள். பழக்காத பேடு பந்தயத்தின் முதல் இறக்கத்திலேயே அலறும், நிற்காது.

கடுங்குளிரில் ஃபோர்க்கின் எண்ணெய் கெட்டியாகி, அமுங்கியது மேலெழத் தாமதிக்கும். மேலெழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகை ஓரிரு கிளிக் திறந்துவிடுங்கள். காற்றழுத்தத்தை டயரைப் போலவே வெளியில் ஆறவிட்டுச் சரிபாருங்கள்.

இன்னொரு பழுது புதியவர்களைத் திகைக்க வைக்கும்: பெடலை மிதித்தால் வெறுமனே சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. மிதிக்கும்போது மட்டும் பின்சக்கரத்தைப் பற்றிச் சுழற்றும் ஃப்ரீஹப்புக்குள் கெட்டியான கிரீஸோ புகுந்த தண்ணீரோ உறைந்து, உள்ளே இருக்கும் கொக்கிகள் பற்களில் பிடிக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னதாகவே பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, தயாரிப்பாளர் சொல்லும் மெல்லிய எண்ணெயையோ கிரீஸையோ இடுவதுதான் தீர்வு. பந்தயத்துக்கு முந்தின நாள் சைக்கிளைக் கழுவி ஈரத்தோடு வெளியே விட்டால் இது நடக்கும். கியர் கேபிளும் அதன் உறைக்குள் இப்படியே உறையும். செயினுக்கு ஈரக்கால எண்ணெய் போடுங்கள். முன் ஃபோர்க்கில் சிறு மட்கார்டு ஒன்று கட்டாயம் மாட்டுங்கள். பத்து நிமிடத்தில் கண்ணாடியும் விளக்கும் சேற்றால் மூடுவதை அது தடுக்கும்.

உடை

0 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும்போது தோலுக்கு உறைப்பது மைனஸ் 5 டிகிரி. அதே மனிதர் ஏற்றத்தில் வியர்த்துக் கொட்டுவார். உடையின் வேலை சூட்டைத் தக்கவைப்பதைவிட வியர்வையை வெளியேற்றுவதே. உடலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதன்மேல் நீளக்கை ஜெர்சி, அதற்குமேல் முன்பக்கம் காற்றைத் தடுத்து முதுகில் மூச்சுவிடும் மெல்லிய ஜாக்கெட். பருத்தி எதிலும் கூடாது. ஒருமுறை நனைந்தால் பந்தயம் முடியும்வரை காயாது. தொடக்கக்கோட்டில் சற்றுக் குளிர்கிறதே என்று தோன்றினால் உடை சரியான அளவில் இருக்கிறது.

கைக்கும் காலுக்கும் கணக்கே வேறு. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் முதலில் விலகிப்போவது விரல்களிலிருந்துதான். தடித்த கையுறை போட்டால் பிரேக்கின் உணர்வு போய்விடும்; மெல்லியது போட்டால் விரல் போய்விடும். நடுத்தரத் தடிமனில், பிரேக் பிடிக்கும் ஆள்காட்டி விரல் தாராளமாக மடங்கும்படி வாங்குங்கள். இறுக்கமான கையுறை ரத்த ஓட்டத்தை நெருக்கி, தடிமன் இருந்தும் குளிரவிடும். அதைப் போட்டுக்கொண்டு நான்கு காரியம் செய்து பாருங்கள்: வால்வு மூடியைக் கழற்றுவது, சத்து ஜெல் பாக்கெட்டைக் கிழிப்பது, விளக்கின் ஒளிநிலையை மாற்றுவது, ஜாக்கெட் ஜிப்பை இழுப்பது. எது முடியவில்லையோ அதற்கு இப்போதே ஒரு வழி செய்யுங்கள். ஜிப்பில் கயிறு கட்டுங்கள், ஜெல்லை முன்கூட்டியே சிறு வாய் உள்ள குப்பியில் பிழிந்து வையுங்கள். இரண்டாவது ஜோடியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளீட் (பெடலில் பூட்டிக்கொள்ளும் உலோகத்துண்டு) உள்ள ஷூவில் அதன் வழியாகவே குளிர் ஏறும். உள்ளங்கால் அட்டைக்குக் கீழே ஃபாயில் ஒன்றை வெட்டி வைத்து, கிளீட்டின் திருகுத் துளைகளை டேப்பால் மூடினால் வித்தியாசம் தெரியும். இரண்டு ஜோடி சாக்ஸைத் திணிப்பதைவிட விரல் அசைய இடமுள்ள ஒரு ஜோடிக் கம்பளி சாக்ஸ் மேல். சேறும் பனியும் கிளீட்டை அடைக்கும் தடத்தில் தட்டைப் பெடலும் கணுக்கால் மூடும் பூட்ஸும் வைத்து ஓட்டுவதில் எந்தக் குறையும் இல்லை. கண்ணுக்கு நிறமற்ற கண்ணாடி.

இருட்டில் ஓட்டப் பழகுவது

முதலில் அதே தடத்தைப் பகலில் இரண்டு மூன்று முறை ஓட்டி, ஆபத்தான இடங்களை ஓர் அடையாளத்தோடு சேர்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: விழுந்த மரம் தாண்டியதும் இடப்பக்கக் குழி, மரப்பாலத்துக்கு முன்னால் கூர்வளைவு. பிறகு அந்தி நேரத்தில் தொடங்கி இருட்டு வரும்வரை, அதன்பின் முழு இருட்டில். தனியாகப் போக வேண்டாம்.

மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் நகர்கிறீர்கள். வெளிச்சம் தெளிவாகக் காட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகம் இரவுக்கு அதிக வேகம். பார்வை முன்சக்கரத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டு போகும். அதை வலுக்கட்டாயமாக ஒளிவட்டத்தின் தொலைவான ஓரத்துக்குத் தள்ளுங்கள். அருகில் இருப்பதை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

விளக்கொளியில் கண்ணாடிபோல் பளபளப்பது பனிக்கட்டி அல்லது தண்ணீர். பொடிப்பொடியாக மினுங்குவது உறைபனி. அதில் ஓரளவு பிடிப்பு உண்டு. பனிக்கட்டிமேல் ஏறிவிட்டால் பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல், சைக்கிளை நேராக நிறுத்தி உருண்டு கடந்துவிடுங்கள். வேகம் குறைப்பதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சேற்றில் சக்கரங்கள் பதிந்து உறைந்த பள்ளக்கோடுகளுக்குள் முன்சக்கரம் இறங்கிவிட்டால் அதோடு போவதே மேல். பக்கவாட்டில் ஏற முயன்றால் கவிழ்க்கும். மரப்பாலத்தை வளையாமல் நேராகவும், வேர், பாசி படிந்த கல் இவற்றைச் செங்கோணத்திலும் கடக்க வேண்டும்.

பந்தய இரவு

மூன்று மணி நேரத்துக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் டயர், ஃபோர்க் அழுத்தத்தை வெளியில் வைத்துப் பாருங்கள். இருபது நிமிடம் கனமான ஜாக்கெட்டோடு உடம்பைச் சூடேற்றி, தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அதைக் கழற்றுங்கள். முதல் சில நிமிடம் கழுத்துத்துணியால் வாயை மூடி மூச்சு விடுங்கள். குளிர்ந்த உலர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரோடுதான் போக வேண்டும்.

கிளம்பும்போது ஹேண்டில்பார் விளக்கு முழு ஒளியில் இருக்கட்டும். ஏற்றத்தில் வேகம் குறைந்ததும் இரண்டையும் பாதிக்குக் கீழே இறக்கிவிடுங்கள், உச்சியில் இறங்கும் முன் ஏற்றுங்கள். மூடுபனியிலோ பனி பெய்யும்போதோ ஹெல்மெட் விளக்கு வெள்ளைத்திரையாகத் திரும்பி அடிக்கும். அதை மிகக் குறைத்து ஹேண்டில்பார் விளக்கை நம்புங்கள். பேசுகிறவர் முகத்தைப் பார்த்துத் திரும்பாதீர்கள், உங்கள் ஹெல்மெட் ஒளி அவர் கண்ணை அரை நிமிடம் குருடாக்கும். முந்தப் போகும்போது எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே குரல் கொடுங்கள். பின்னாலிருந்து வேகமாக வருபவருக்கு அகலமான இடம் வந்ததும் வழிவிடுங்கள்.

குளிரில் தாகம் தெரியாது. அதற்காகக் குடிக்காமல் இருக்க முடியாது: மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. வெதுவெதுப்பான பானத்தை வெப்பம் தாங்கும் பாட்டிலில் ஊற்றுங்கள். முதுகுப்பை நீர்க்குழாய் என்றால் ஒவ்வொரு முறை குடித்த பின்பும் உள்ளே ஊதி, குழாயில் இருக்கும் தண்ணீரைப் பைக்குள் தள்ளுங்கள். முதலில் உறைவது குழாய்தான்.

பஞ்சர் ஆனால் தடத்தை விட்டு நன்றாக விலகி நின்று, டயரைத் தொடும் முன் உலர்ந்த கையுறையையும் ஜாக்கெட்டையும் போடுங்கள். நின்ற சில நிமிடங்களிலேயே விரல் வேலை செய்யாமல் போகும், அதன்பின் எந்தக் கருவியும் உதவாது. ஓட்டையை ரப்பர் பிளக்கால் அடைத்து, வால்வு மேல்பக்கம் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பிக் காற்றடியுங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் உபயோகித்தால் வெறுங்கையில் பிடிக்காதீர்கள், காலியாகும்போது அது தோலைச் சுட்டுவிடும் அளவுக்குக் குளிரும். சில சீலன்ட்கள் அந்த வாயு பட்டால் கட்டிதட்டும் என்பதால் சிறு கைப்பம்பும் உடன் இருக்கட்டும்.

வாய் குழறுவது, கை தடுமாறுவது, எளிய கணக்கு வராமல் போவது ஆகியவை உடல் வெப்பம் இறங்குவதன் அறிகுறிகள். குளிர் குறையாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் அது ஆபத்தின் உச்சம். அந்த நிலையில் இருப்பவர் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அவரை நம்பாமல் ஃபாயிலில் போர்த்தி, உதவிக்கு ஆள் அழையுங்கள். எதிராளியாகவே இருந்தாலும் உங்கள் பந்தயம் அங்கே நிற்க வேண்டும்.

முடித்த பிறகு

முதல் ஐந்து நிமிடத்தில் ஈரத்துணியை முழுக்கக் களைந்து உலர்ந்ததை அணியுங்கள். அரட்டை அதற்குப் பிறகு. விரல் வெளுத்து உணர்வற்று இருந்தால் தேய்க்கவும் கூடாது, நெருப்பருகே காட்டவும் கூடாது. அக்குளில் வைத்து மெல்லச் சூடேற்றுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

சைக்கிளைக் குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவி, பேரிங் பக்கம் பீய்ச்சாமல், துணியால் துடைத்துச் சூடான இடத்தில் காயவைத்துச் செயினுக்கு எண்ணெய் இடுங்கள். பேடைக் கழற்றிப் பாருங்கள், உராயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள். பேட்டரியை வந்தவுடன் சார்ஜரில் மாட்டாதீர்கள். உறைநிலைக்குக் கீழே இருக்கும் செல்லைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், செல்லும் ஆபத்தானதாகும். இரண்டு மணி நேரம் அறையில் வைத்து, தொட்டால் குளிராத நிலைக்கு வந்த பின் மாட்டுங்கள். அடுத்த பந்தயம் வாரக்கணக்கில் தள்ளி இருந்தால் பாதியளவு நிரப்பி எடுத்து வைத்துவிட்டு, முந்தின நாள் முழுதாக நிரப்பினால் போதும்.